அபிடவிட்டில் யாருடைய வார்த்தை இருக்க வேண்டும்?

ஒரு வாசகியின் கேள்வி, 2024 ஜூலை 14

என் தங்கை குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போடப் போகிறாள். வக்கீலின் குமாஸ்தா டைப் அடித்துக் கொண்டுவந்த பிரமாணப் பத்திரத்தில் (அபிடவிட், அதாவது சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்) கையெழுத்துப் போடச் சொல்கிறார். படித்துப் பார்த்தால், மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வந்தார் என்று இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு, அது இதில் இல்லை. கேட்டால், "எல்லாக் கேஸிலும் இப்படித்தான் போடுவோம், அப்போதுதான் கேஸ் நிற்கும்" என்கிறார். நாளைக்கே தாக்கல் செய்ய வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா? தவிர, காகிதத்தில் எழுதிக் கொடுப்பதால் மட்டும் என்ன நடந்துவிடப் போகிறது? எப்படியும் கூண்டில் ஏறித்தானே சொல்ல வேண்டும்?

2024 ஜூலை 14, மாலை

போட வேண்டாம். ஒரு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தாக்கல் செய்த பிறகு மாற்றுவதுதான் கஷ்டம்.

நான் வக்கீல் இல்லை. சட்ட உதவி மையத்தில் தன்னார்வலர். மனு எழுத வருகிற பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதித் தருகிறேன். வக்கீல் எந்தச் சட்டப் பிரிவில் மனு போடுவது என்று பார்ப்பார். என்ன நடந்தது என்பதை உங்கள் தங்கைதான் சொல்ல வேண்டும். அதில் குமாஸ்தாவுக்கு வேலையே இல்லை.

காகிதம் என்ன செய்யும் என்று கேட்டீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 23(2) பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு பெரிய அதிகாரம் தருகிறது. எதிர்மனுதாரர் வந்து நிற்பதற்கு முன்பே, பாதிக்கப்பட்ட பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை வைத்தே இடைக்கால உத்தரவு போடலாம். அவளை நெருங்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, மாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும், குழந்தை அம்மாவிடம் இருக்க வேண்டும், இப்படி எதுவானாலும். அந்தக் கட்டத்தில் கூண்டு கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. உங்கள் தங்கைக்காகப் பேசுவது அந்த இரண்டு மூன்று தாள்தான். அதில் நடக்காதது இருந்து, நடந்தது விடுபட்டுப் போனால், அவள் பட்ட பாடு நீதிமன்றத்துக்குள் போகவே இல்லை என்று பொருள்.

நடந்தது வேறு என்கிறீர்களே, அதை எழுதச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 14, இரவு

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தங்கையின் பெயர், ஊர், எந்த நீதிமன்றம், வழக்கு எண் எதுவும் இங்கே வேண்டாம். எதிர்த் தரப்பும் படிக்கும். மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். அனுதாபத்தில் எழுதினாலும் குற்றம்தான்.

2024 ஜூலை 17

வக்கீலை மாற்ற வேண்டி வரவில்லை, அவரே திருத்தி எழுத ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. "எப்படி எழுதுவது, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்கிறாள் தங்கை. இது எல்லோருக்கும் வருகிற திணறல். நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் பேனாவை எடுக்க மாட்டேன். மனு எழுத வந்தவர் பேசட்டும். யாரும் முதலிலிருந்து சொல்ல மாட்டார்கள். நேற்று நடந்ததில் தொடங்கி, கல்யாணத்துக்குப் போய், மாமனார் சாவுக்கு வந்து, மறுபடி நேற்றைக்கு வருவார்கள். குறுக்கே "தேதி என்ன?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். தேதி தெரியாததால், தாங்கள் பொய் சொல்வதாக நினைக்கப்போகிறார்கள் என்று பயந்துவிடுவார்கள். தேதியைப் பிறகு பிடிக்கலாம். "பெரியவனை எல்கேஜியில் சேர்த்த வாரம்", "பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்த மறுநாள்" என்று தானாக வரும். நினைவில் அப்படித்தான் இருக்கிறது என்றால் பத்திரத்திலும் அப்படியே இருக்கட்டும். தெரியாத தேதியை இட்டுக்கட்டினால் குறுக்கு விசாரணையில் அதுதான் முதலில் உடையும்.

அப்புறம் முதல் தடவை நடந்தது, மிக மோசமாக நடந்தது, கடைசியாக நடந்தது என்று மூன்றை மட்டும் விரிவாகக் கேட்பேன். எந்த அறை, யார் இருந்தார்கள், வன்முறை செய்தவர் சொன்ன வார்த்தை என்ன, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். மீதியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

ஒரு பெண் வந்தார். அவர் கையிலும் ஏற்கெனவே டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது. "உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் சொல்லொணாத் துன்பம்" என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். அதை மூடி வைத்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "அடியைக்கூடத் தாங்கிக்கிட்டேன்க்கா. வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிடுவாரு." குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் கம்பி வழியாகக் காய்ச்சல் மருந்து பாட்டிலை நீட்டியிருக்கிறார். பாட்டில் கம்பிக்குள் நுழையவில்லை. மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பக்கம் பக்கமாக இருந்த அந்தத் தாளில் பூட்டைப் பற்றி ஒரு வரி இல்லை! அது வன்முறையில் சேருமென்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எல்லாவற்றையும் எழுதினோம். பூட்டு வெளித் தாழ்ப்பாளில் தொங்கியது, அவர் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவார், ஜன்னல் எந்தப் பக்கம், அந்த அம்மாவின் பெயர். இடைக்கால உத்தரவு போடும்போது மாஜிஸ்திரேட் நிறுத்திப் படித்தது அந்தப் பத்தியைத்தான்.

சட்டத்தின் 3ஆவது பிரிவில் அடி, பாலியல் வன்முறை, சொல்லால், மனத்தால் வதைப்பது, பொருளாதார வன்முறை எல்லாம் அடக்கம். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, ஏடிஎம் அட்டையைக் கொடுக்காமல் வைத்திருப்பது, நகையை அடகு வைத்துவிடுவது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது எல்லாம் அதில் வரும். தங்கையிடம் இதையெல்லாம் கேளுங்கள். அவளாகச் சொல்ல மாட்டாள்.

2024 ஜூலை 18

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. இடைக்கால உத்தரவு கேட்கும் பிரமாணப் பத்திரத்துக்கு 2006ஆம் ஆண்டு விதிகளிலேயே ஒரு படிவம் இருக்கிறது, மூன்றாம் படிவம். முக்கால்வாசி அச்சடித்த வாசகம்தான். நடுவில் ஒரு கோடிட்ட இடம் வரும்: எதிர்மனுதாரர் என்னவென்று மிரட்டினார் என்று எழுத வேண்டிய இடம். பலர் அங்கே "கொலை மிரட்டல் விடுத்தார்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே போடுங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும். "நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழி எனக்குத் தெரியும்டி" என்று ஒருவர் சொன்னதை அப்படியே எழுதினோம். அதில் கொலை என்ற சொல்லே இல்லை. ஆனாலும் படிக்கிற யாருக்கும் புரியும்.

அதே படிவத்தில், மனுவில் உள்ளது எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டது என்றும் ஒரு வரி உண்டு. அந்த வரியை நிஜமாக்குங்கள். தமிழ்நாட்டில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழிலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் ஆங்கிலத்தில் போடுவதாக இருந்தால், கையெழுத்துக்கு முன் வரிவரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். நான் சத்தமாகப் படிப்பேன். தப்பான இடத்தில் அவர் முகம் சுளிப்பதை நன்றாகவே பார்க்கலாம். "இது நான் சொல்லலையே" என்றால் உடனே அடித்துத் திருத்திவிடுவேன்.

2024 ஜூலை 20

"உத்தரவு வாங்கியாயிற்று, அத்தோடு முடிந்ததா? பிறகு கூண்டு உண்டா இல்லையா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உண்டு. 14ஆம் தேதி நான் கூண்டு கிடையாது என்று எழுதியது முதல் கட்டத்துக்கு மட்டும்தான். வழக்கு முழு விசாரணைக்கு வந்தால் சாட்சி சொல்ல வேண்டும். அங்கேயும் பல நீதிமன்றங்களில் முதல் விசாரணைக்கு (சாட்சியை அவர் தரப்பு வக்கீலே கேட்பது) பதிலாகப் பிரமாணப் பத்திரத்தையே ஏற்றுக்கொள்கிறார்கள். அதன் பிறகு எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து அதை வரிவரியாகப் பிரித்துக் கேட்பார். ஆகவே இன்றைக்குப் போடும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வருடம் கழித்து அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இது எனக்கு நேரில் தெரிந்த ஒரு வழக்கு. பத்திரத்தில் "தினமும் அடித்தார்" என்று இருந்தது. அந்தப் பெண் எங்களிடம் வருவதற்கு முன்பே போட்டது. அவர் சொன்னது "குடிச்சிட்டு வர்ற நாளெல்லாம் அடிப்பாரு" என்றுதான். எழுதியவர் சுருக்கிவிட்டார். குறுக்கு விசாரணையில் ஒரு போட்டோவை நீட்டினார்கள். குடும்பத்தோடு பழனிக்குப் போனது, எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "அன்றைக்கும் அடித்தாரா?" "இல்லை." "அப்படியென்றால் தினமும் என்று சத்தியம் செய்தது பொய்தானே?" அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தன் வாயில் வராத ஒரு சொல்லுக்காகப் பொய்க்காரி என்று பெயர் வாங்கினார். மனு தள்ளுபடி ஆயிற்று. 29ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், செய்தார். அங்கே போய்த்தான் ஜீவனாம்சம் கிடைத்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் குழந்தைகளோடு கிடந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"எப்போதும்", "தினமும்", "எல்லோரும் சேர்ந்து" போன்ற சொற்களைக் கண்டால் நான் பேனாவை நிறுத்திவிடுகிறேன். எப்போது, எந்த நாள், யார் யார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரி.

பாதகமானதையும் நாமே எழுதிவிட வேண்டும். அவள் திருப்பி அடித்திருக்கலாம், ரெண்டு தடவை திரும்பிப் போய்ச் சேர்ந்து வாழ்ந்திருக்கலாம், "இனி சண்டை போட மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். மறைத்தால் எதிர்த் தரப்பு அதை எடுத்து வீசும். நாமே எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுத முடியும்: "பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று திரும்பிப் போனேன்." இதைவிட நம்பும்படியான வாக்கியம் எது?

இன்னொரு சட்ட விதியும் இதோடு சேர்ந்தது. பிரமாணப் பத்திரத்தில் நேரில் அறிந்ததையும், கேள்விப்பட்டு நம்புவதையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், நம்புவதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். "அவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு" என்று மொட்டையாக எழுதக் கூடாது. யார் சொன்னது, எதைப் பார்த்து நம்புகிறாள் என்பது இருக்க வேண்டும்.

2024 ஜூலை 21

முத்திரைத் தாள் வாங்கச் சொல்லிப் பணம் கேட்டார்களாம். உடனடியாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கான பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. எதற்காக வாங்க வேண்டும் என்று கேளுங்கள். வக்கீல் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. 15100க்குக் கூப்பிடலாம். ஆபத்து உடனடியாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

2024 ஆகஸ்ட் 4

பணத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று ஒருவர் கேட்டுவிட்டார்: "கணவர் வேலை இல்லை என்று சொல்லிவிட்டால்?"

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளுக்கு ஒரு முறையை வகுத்தது. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கான படிவத்தைத் தீர்ப்போடே இணைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கு, கடன் அட்டை, வாகனம், வாடகை வருமானம், காப்பீடு என்று நீளமாகப் போகும். எதிர்த் தரப்பு 4 வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு.

இந்த இடத்தில்தான் சத்தியம் செய்த காகிதம் பெண்ணுக்குத் துணையாக மறுபக்கத்திலிருந்தும் வருகிறது. வாயால் "வேலை இல்லை" என்பது சுலபம். சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த பிறகு, காருக்கு மாதத் தவணை எங்கிருந்து போகிறது என்று கேட்டால் பதில் வேண்டும். ஒரு வழக்கில் மனைவிக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு விஷயம், சீட்டுப் பணம் கட்டும் தேதி. ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்பதும் தெரியும். கணவர் தாக்கல் செய்த பத்திரத்தில் அந்தக் கணக்கே இல்லை. அவருடைய வக்கீலே சமரசத்துக்கு வந்தார்.

தங்கையும் தன்னுடைய வருமானத்தை மறைக்கக் கூடாது. தையலில் வருகிற மூவாயிரமோ நாலாயிரமோ, அதை எழுதட்டும். சம்பாதிக்கிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சம் இல்லையென்று ஆகிவிடாது. மறைத்தது தெரிந்தால்தான் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும்.

2024 ஆகஸ்ட் 6

"இப்படி ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தால் அப்பாவி ஆண்கள் என்ன செய்வது, பெண்கள் எழுதுவதெல்லாம் உண்மையா?" என்று ஒரு நண்பர் சூடாகக் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். பொய்ப் பிரமாணப் பத்திரம் குற்றம். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியத்துக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. இந்தத் தொடரின் முதல் கேள்வியைப் பாருங்கள். மண்ணெண்ணெய்க் கதையை எழுதியது அந்தப் பெண் இல்லை, அவள் கையெழுத்துப் போட மறுத்தவள். அச்சு வார்த்தது போல எல்லா மனுவிலும் ஒரே கதையைப் போடுகிறவர்களால் உங்கள் அப்பாவி ஆண்களுக்கும் கெடுதல், நிஜமாக அடிபட்டவளுக்கு அதைவிடக் கெடுதல். தன் வார்த்தையில் எழுதச் சொல்வது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

2024 ஆகஸ்ட் 9

வாட்ஸ்அப் மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்துப் பின்னால் இணைத்தால் போதுமா? போதாது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. மின்னணுப் பதிவுக்கு அதன் 63ஆவது பிரிவின்படி சான்று வேண்டும், ஒரு பகுதியை நாமும் இன்னொன்றை நிபுணரும் நிரப்புவதாக. வக்கீல் பார்த்துக்கொள்வார். தங்கை செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்த போனை விற்கவோ மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்.

2024 செப்டம்பர் 29

இன்றைய தேதியைப் பார்த்ததும் வாச்சாத்தி ஞாபகம் வந்தது. இந்தத் தொடரின் விஷயத்திலிருந்து கொஞ்சம் விலகித்தான் போகிறேன், ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள், சந்தனக் கட்டை பதுக்கியிருப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். புகார் சொல்ல வேண்டியவர்களே சிறையில் அடைக்கப்பட்டார்கள். அப்படியொன்று நடக்கவே இல்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு விசாரணையை சிபிஐக்கு மாற்றிய பிறகுதான் வழக்கு நகர்ந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வழக்கை அபிடவிட் வழக்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் மையத்துக்கு வந்து "இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் நம்புவார்களா" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது வாச்சாத்தியைத்தான். அதிகாரம் மொத்தமும் எதிரே நின்றபோதும் அந்தப் பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள், வருடக்கணக்கில் மாறாமல் சொன்னார்கள். அந்தச் சொல் நின்றது. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகப் பாலியல் வன்கொடுமை வழக்கைத் தள்ளக் கூடாது, பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குடும்ப வன்முறை மனுவுக்கும் ஒரு வருடக் கெடு என்று சில இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு கெடு கிடையாது என்றது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான்.

2024 அக்டோபர் 2

குழந்தைக்கு நடந்ததை அம்மா பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: முதலில் அதைச் செய்யாதீர்கள். பாலியல் தொல்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் சப் இன்ஸ்பெக்டரோ அதற்கு மேற்பட்ட பெண் அதிகாரியோ பதிவு செய்ய வேண்டும். நம்பிக்கையான பெரியவர் ஒருவர் கூடவே இருக்கலாம். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு முறை. வீட்டில் உட்கார வைத்து நீங்களும் அத்தையும் பாட்டியும் மாறி மாறிக் கேட்டால், குழந்தை பெரியவர்களுக்குப் பிடித்த மாதிரி பதிலை மாற்றத் தொடங்கும். அது தானாகச் சொன்ன முதல் வாக்கியத்தை, அதே சொற்களில், எப்போது சொன்னது என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

2024 அக்டோபர் 13

ஜூலை 17 எழுதியதைத் திரும்பப் படித்தேன். அங்கே, அவர் பேசட்டும், மூன்று சம்பவத்தை விரிவாகக் கேட்பேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் இதை ஒரே மூச்சில் செய்து முடிக்கும் வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலருக்குச் சொல்லச் சொல்லக் கை நடுங்கும், மூச்சு வாங்கும், சிலர் திடீரென்று சிரிப்பார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மிச்சம் நாளைக்கு. இன்றைக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டிய அவசரம் என்றால் கடைசியாக நடந்ததையும் மிரட்டலையும் மட்டும் எழுதிப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மற்றதைக் கூடுதல் பிரமாணப் பத்திரமாகப் பிறகு கொடுக்க அனுமதி கேட்கலாம்.

பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டப்படி பெண்ணுக்கு உதவ அரசு நியமித்தவர்), மகளிர் காவல் நிலையம், வக்கீல், மறுபடி நாங்கள் என்று ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "என்னமோ எழுதிக்கோங்க" என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கையின் நகலை முதலிலேயே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், சொன்னதையே திரும்பக் கேட்பதைப் பாதியாகக் குறைக்கலாம். அறிக்கைக்கும் பிரமாணப் பத்திரத்துக்கும் முரண் இருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், நகல் இலவசம்.

2024 நவம்பர் 24

இதுவரை கொடுக்கும் காகிதத்தைப் பற்றியே பேசிவிட்டோம். பிடுங்கும் காகிதமும் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள், சொந்தக்காரர்கள், சில நேரம் விசாரணைக்குக் கூப்பிட்ட இடத்திலேயே, "சமாதானமாகப் போகிறேன், இனி புகார் எதுவும் இல்லை" என்று எழுதி வாங்கிவிடுவார்கள். குழந்தையை ஒரு பக்கம் பிடித்து வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கியதையும் அறிவேன். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்து, பின்னாளில் அதில் பிரமாணப் பத்திரமே தயாரித்துக் கொண்டுவந்தார்கள் ஒரு வழக்கில். கையெழுத்து பக்கத்தின் நடுவில் இருந்தது. அதற்கு இடம்விட்டு எழுத்துகளை நெருக்கி நெருக்கி அடித்திருந்தார்கள். எங்கள் வக்கீல் அதை மாஜிஸ்திரேட்டிடம் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

அப்படி எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். எந்த நாளில், எங்கே, யார் யார் இருந்தபோது, என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை அடுத்த பிரமாணப் பத்திரத்தில் முதல் பத்தியாகவே எழுதுங்கள். சமாதானத்துக்குப் பிறகு மறுபடி வன்முறை நடந்தால் மறுபடியும் மனுப் போட எந்தத் தடையும் இல்லை.

2025 பிப்ரவரி 9

இடைக்கால உத்தரவு கிடைத்துவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்து நிஜமாகவே மகிழ்ச்சி. வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, மாதாமாதம் ஜீவனாம்சம். தங்கை தன் வாயால் சொன்னதை வைத்துக் கிடைத்த உத்தரவு. மேல் விசாரணையில் என்ன கேட்டாலும் அவளுக்குப் புதிதாக மனப்பாடம் செய்ய எதுவுமில்லை.

"அவர் நேற்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை, இதையெல்லாம் புகாராகச் சொல்ல முடியுமா" என்று கேட்கிறாள். முடியும். பாதுகாப்பு உத்தரவை மீறுவது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி குற்றம், ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அவளுடைய சாட்சியத்தை மட்டும் வைத்தே மீறல் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32ஆவது பிரிவு சொல்கிறது. இன்றைக்கே நேரம், இடம், அவர் போட்டிருந்த சட்டை, பக்கத்தில் இருந்த காவலாளி யார் என்பதை எழுதி வைக்கட்டும். பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கட்டும்.

உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 24ஆவது பிரிவின்படி அவளுக்கும் நிலையத்துக்கும் இலவசமாகத் தர வேண்டும். போகவில்லை என்றால் நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு வாங்கி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் பையில் ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும்.